வாசகர் கேள்வி – பதில்: வீட்டு டெபாசிட்டைத் திரும்பப் பெறுவது எப்படி?

பிரிட்டனில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெபாசிட் பற்றியவை. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ஹாரோவில் இரண்டு படுக்கையறை கொண்ட ஃப்ளாட் ஒன்றில் கணவருடனும் ஐந்து வயது மகனுடனும் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். மாத வாடகை 1,560 பவுண்டு, டெபாசிட் 1,800 பவுண்டு. ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. சென்ற மாதம் காலி செய்தோம். இப்போது ஏஜென்சியினர் வீட்டைச் சுத்தம் செய்ததற்கு 280, வரவேற்பறைக் கார்பெட்டில் மஞ்சள் கறை இருப்பதால் புதுக் கார்பெட்டுக்கு 720, சுவர்களுக்கு வண்ணம் அடிக்க 450 என்று மொத்தம் 1,450 பவுண்டைப் பிடித்துக்கொண்டு 350 மட்டும் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் கிடைக்காதாம். குழம்பு கொட்டிக் கறை விழுந்தது உண்மைதான். இரண்டு நாள் நாங்களே வீடு முழுவதையும் துடைத்துக் கழுவினோம். ஆனால் அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க மறந்துவிட்டோம். எங்கள் பக்கமும் தவறு இருப்பதால், கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் பக்கம் இருக்கும் சிறு தவறை நினைத்து 1,450 பவுண்டை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. டெபாசிட் என்பது, வீட்டுக்காரர் தமக்கு இழப்பு ஏற்பட்டதென்று நிரூபிக்கும் வரை, வாடகைக்கு இருந்தவரின் பணம். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, உங்களுடையது அல்ல. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், ஏஜென்சியின் மின்னஞ்சல் ஒரு தீர்ப்பு அல்ல, அது ஒரு கோரிக்கை மட்டுமே என்பது தெரிந்துவிடும்.

2007 ஏப்ரலுக்கு முன்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தம் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் நீதிமன்றம் போவதைத் தவிர வழியில்லை. 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி 2007 ஏப்ரல் 6 முதல், வழக்கமான தனியார் வாடகைக் குடியிருப்புக்காக வாங்கும் டெபாசிட்டை அரசு ஏற்பளித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். இப்போது அங்கே மூன்று நிறுவனங்கள் இத்திட்டங்களை நடத்துகின்றன: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மை டெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். மூன்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பணத்தையே திட்டம் வாங்கித் தன் வசம் வைத்துக்கொள்ளும். மற்றொன்றில் பணம் வீட்டுக்காரரிடமோ ஏஜென்சியிடமோ இருக்கும், அவர்கள் கட்டணம் செலுத்தி அதற்குக் காப்பீடு பெற்றிருப்பார்கள். உங்கள் டெபாசிட் எங்கே, எந்த வகையில் இருக்கிறது என்பது, குடிவந்தபோது உங்களுக்குக் கொடுத்த சான்றிதழில் எழுதியிருக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

அடுத்து, ஏஜென்சிக்கு இன்றே பதில் எழுதுங்கள். 350 பவுண்டு குறித்து இரு தரப்புக்கும் தகராறு இல்லை என்பதால் அதை உடனே அனுப்பும்படியும், மீதி 1,450 பவுண்டுக்கான பிடித்தத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றும், ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் படமும் வேண்டும் என்றும் கேளுங்கள். தகராறு இல்லாத தொகையைப் பெற்றுக்கொண்டு மீதிக்கு முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. 350ஐ வாங்கினால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் திட்டத்தின் இணையதளத்தில் முழுப் பிடித்தத்துக்கும் ‘சம்மதம்’ என்று தவறியும் பதிந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை என்பது அவர்களாக வைத்த கெடு. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனி ஒவ்வொரு பிடித்தமாகப் பார்ப்போம். சுத்தம் செய்த செலவுதான் இந்தத் தகராறுகளில் மிக அதிகமாக வருவது. நம் வீடுகளில் அது கூடுதலாக வருவதற்குச் சமையல் ஒரு காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தினமும் தாளிக்கும் அடுப்புக்கு மேலே உள்ள வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு தேன் போலப் படிந்து, தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, காலி செய்யும் வீட்டின் நிலையைச் சோதித்து எழுத (செக்-அவுட்) வருபவர் கழற்றித் திருப்பிப் படம் எடுக்கும்போதுதான் தெரியும். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டத்துக்குப் பிறகு, காலி செய்யும்போது துப்புரவு நிறுவனத்தை வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்திப் பணம் வாங்க முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, குடிவந்த நாளில் எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு சுத்தத்தில் திருப்பிக் கொடுப்பது மட்டுமே. ஆகவே குடிவந்தபோது எழுதிய செக்-இன் அறிக்கையையும் காலி செய்தபோது எழுதிய செக்-அவுட் அறிக்கையையும் பக்கத்தில் பக்கம் வைத்து, சமையலறைப் பகுதியை வரிவரியாக ஒப்பிடுங்கள். செக்-இன் அறிக்கையில் வடிகட்டி சுத்தமாக இருந்ததாகப் பதிவாகியிருந்தால், அதற்கு மட்டும் நியாயமான தொகை ஒன்றை, 40 பவுண்டு என்று வையுங்கள், நீங்களாகவே முன்வந்து சொல்லலாம். வீடு முழுவதற்குமான 280ஐ அந்த ஒரு வடிகட்டி தாங்காது.

கார்பெட்டில்தான் பெரிய தொகை இருக்கிறது, பெரிய தவறும் அங்கேதான் நடந்திருக்கிறது. பழைய பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளை வாடகைதாரர் செலவில் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ள முடியாது. அவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யலாமே தவிர, அவருடைய நிலையை முன்பிருந்ததைவிட உயர்த்தக் கூடாது என்பது, திட்டங்களின் சார்பில் இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் பின்பற்றும் விதி. நீங்கள் குடிவந்தபோதே அந்தக் கார்பெட் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்றும், அந்தத் தரத்துக்கு எட்டு ஆண்டு ஆயுள் என்றும் கொள்வோம். நீங்கள் இருந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் ஆறு ஆண்டு தேய்ந்துவிட்டது. மீதி ஆயுள் எட்டில் இரண்டு பங்கு. 720 பவுண்டில் அது 180தான். கறையைக் கழுவி நீக்க முடியும் என்றால் கழுவும் செலவைத்தான் கேட்கலாம், கார்பெட்டை மாற்றும் செலவை அல்ல. கார்பெட் எப்போது வாங்கியது, என்ன விலை என்பதற்கான ரசீதை அவர்கள்தான் காட்ட வேண்டும். அதைக் காட்ட இயலாமல் தொகை குறைந்துபோன கோரிக்கைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வண்ணம் பூசும் 450ஐப் பொறுத்தவரை, இயல்பான தேய்மானம் என்ற சொல்லைக் கடிதத்தில் தயங்காமல் பயன்படுத்துங்கள். நியாயமான முறையில் ஒரு வீட்டில் வாழ்வதால் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. எத்தனை பேர் இருந்தார்கள், குழந்தை இருந்ததா, எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். ஒரு சிறுவன் வளர்ந்த வீட்டில் மூன்று ஆண்டுகளில் சுவரில் கைத்தடம் விழுவதும் சோபா உரசிய கோடு விழுவதும் இயல்பு. அவன் வண்ணப் பென்சிலால் சுவர் நிறைய எழுதியிருந்தால் அது வேறு. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

என் கணக்கில் அவர்களுக்கு நியாயமாகச் சேரக்கூடியது 220 பவுண்டு. உங்களுக்குத் திரும்ப வேண்டியது 1,580. இதைச் சொல்லியும் ஏஜென்சி இணங்காவிட்டால் திட்டத்தின் இணையதளத்தில் தகராறைப் பதியுங்கள். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு வகையாக இருந்தால் குடியிருப்பு முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நடுவர் வீட்டைப் பார்க்க வரமாட்டார், உங்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கவும் மாட்டார். இரு தரப்பும் அனுப்பிய காகிதங்களையும் படங்களையும் மட்டும் படித்து முடிவு எழுதுவார். முடிவு வந்தபின் திட்டத்துக்குள்ளே மேல்முறையீடு செய்யவோ, விட்டுப்போன படத்தைப் பின்னர் சேர்க்கவோ இயலாது. ஆகவே முதல் தடவையே முழுமையாக அனுப்புங்கள். நாற்பது படங்களைப் பெயரில்லாமல் குவிப்பதைவிட, ‘படம் 4: அடுப்பின் மேற்புறம், காலி செய்த நாள் காலை’ என்று தலைப்பிட்ட பத்துப் படங்கள் அதிகம் பேசும். வாட்ஸ்ஆப் உரையாடல்களைத் தேதி தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். வீட்டுக்காரர் தமிழராக இருந்து தமிழில் எழுதிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, எந்த நாள், எந்தப் படம் என்று தெளிவாக இருந்தால் போதும்.

கேள்வி: கோவென்ட்ரியில் படிக்கும் மாணவன் நான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வீடு எடுத்தோம். ஆளுக்கு 500 பவுண்டு டெபாசிட் கொடுத்தோம். என் பங்கை ஊரிலிருந்து அப்பா நேரடியாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். காலி செய்து இரண்டு மாதமாகியும் பணம் வரவில்லை. மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் தேடினேன், என் பெயரில் எதுவுமில்லை. வீட்டுக்காரரோ ‘வீட்டை விட்டுப் போனபின் எங்கே போய்க் கேட்பாய்?’ என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், தம்பி. வீட்டுக்காரர் சொல்வது தவறு. முதலில் இன்னொரு தடவை தேடிப் பாருங்கள்: நான்கு பேர் சேர்ந்த ஒப்பந்தத்தில் டெபாசிட் பெரும்பாலும் ஒருவரை முதன்மை வாடகைதாரராகக் காட்டிப் பதிவாகும் என்பதால், மற்ற மூவரின் குடும்பப் பெயரையும் கொடுத்துத் தேட வேண்டும். அஞ்சல் குறியீடும் ஒப்பந்தம் தொடங்கிய தேதியும் சரியாக இருக்க வேண்டும். டெபாசிட் தொகையாக 500ஐயும் மொத்தத் தொகையான 2,000ஐயும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். மூன்று திட்டங்களுக்கும் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

எங்குமே இல்லை என்று உறுதியானால் சட்டம் முழுவதும் உங்கள் பக்கம். டெபாசிட்டை வாங்கிய 30 நாட்களுக்குள் அதைத் திட்டத்தில் சேர்த்து, எந்தத் திட்டம், எப்படித் திரும்பப் பெறுவது என்ற விவரங்களை எழுத்தில் உங்களுக்கும், உங்கள் சார்பில் பணம் கட்டியவர் என்ற முறையில் உங்கள் அப்பாவுக்கும் வீட்டுக்காரர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர் மீது கவுன்டி கோர்ட் என்னும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், டெபாசிட்டைத் திருப்பித் தருவதோடு, டெபாசிட்டுக்குச் சமமான தொகையிலிருந்து மூன்று மடங்கு வரை அபராதமாக உங்களுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடும். எத்தனை மடங்கு என்பதுதான் நீதிபதியின் விருப்பம். ஒரு மடங்குக்குக் குறைக்க அவருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் நால்வரின் 2,000 பவுண்டுக்கு அபராதம் மட்டும் 2,000 முதல் 6,000 பவுண்டு வரை போகும். வீட்டைக் காலி செய்த பிறகும் இந்த வழக்கைப் போடலாம் என்பது 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தெளிவாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இந்த விவரங்களைத் தேதியோடு எழுதி, 14 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று நால்வரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். நான் உடனிருந்து எழுதிக்கொடுத்த கடிதங்களில் சில, வழக்கு வரை போகாமலே பணத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

வழக்குப் போடுவதானால், இது இணையவழியில் சாதாரணக் கடன் பாக்கிக்குப் போடும் வழக்கு போன்றதன்று. N208 என்ற தனிப் படிவத்தில் தொடங்க வேண்டும், கட்டணமும் முன்கூட்டிச் செலுத்த வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். படிவத்தை நிரப்புமுன் உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிலோ சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் ஆகிய அமைப்புகளிலோ காட்டுங்கள், இலவசமாக வழிகாட்டுவார்கள். ஒரே ஒப்பந்தம் என்பதால் நால்வரும் சேர்ந்தே போட வேண்டும். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய நண்பர் யாராவது இருந்தால் அவரை இப்போதே தொடர்புகொள்ளுங்கள். அப்பா வங்கி வழியாக அனுப்பியது உங்கள் நல்ல காலம். ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

கேள்வி: டூட்டிங்கில் இருந்த வீட்டின் டெபாசிட், பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும் திட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாடு போய்விட்டார். தொலைபேசியும் இயங்கவில்லை, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அவர் சம்மதிக்காமல் பணம் வராது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீட்டுக்காரர் கிடைக்கவில்லை என்பதற்காகப் பணம் அங்கேயே முடங்கிவிடாது. குடியிருப்பு முடிந்து 14 நாட்களாகியும், நீங்கள் எழுத்தில் கேட்டு 14 நாட்களாகியும் அவர் பதில் தராவிட்டால், அல்லது அவரைத் தொடர்புகொள்ளும் முகவரியே இல்லாவிட்டால், ஒரு தரப்பே தனியாகப் பணத்தைக் கோரும் வழியைச் சட்டம் தந்திருக்கிறது. திட்டத்திடம் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, நடந்ததை எழுதி, ஒரு சொலிசிட்டர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். உறுதிமொழிக்கு 5 பவுண்டும், இணைக்கும் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் 2 பவுண்டும் கட்டணம். திட்டம் அதை வீட்டுக்காரருக்கு அனுப்பி 14 நாட்கள் காத்திருக்கும். பதில் வராவிட்டால் பணத்தை உங்களுக்கு அனுப்பிவிடும். சத்தியம் செய்து எழுதும் ஆவணம் என்பதால் அதில் ஒரு சொல்லும் மிகையாக இருக்கக் கூடாது. பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகத் திட்டம் உங்களுக்குக் கொடுத்த எண்ணைத் தொலைத்திருந்தால் கவலை வேண்டாம். அடையாளத்தைச் சரிபார்த்து மீண்டும் தருவார்கள்.

கேள்வி: இல்ஃபோர்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். அவர்களே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள்தான். என்னிடம் 400 பவுண்டு வாங்கியவர்கள் இப்போது தர மறுக்கிறார்கள். ‘திட்டத்தில் போடவில்லையே, மூன்று மடங்கு கேட்பேன்’ என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது, வருந்துகிறேன். நமக்குள் இது அதிகம் நடப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்களிடம் பணம் வாங்கியவர் அதே வீட்டில், சமையலறையையும் குளியலறையையும் உங்களோடு பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவர் என்றால், நீங்கள் சட்டத்தின் பார்வையில் உடன் தங்குபவர். பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அவர் வேறிடத்தில் குடியிருந்துகொண்டு அந்த வீட்டின் அறைகளை உங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தால் நிலைமை வேறு: அப்போது அவரே உங்கள் வீட்டுக்காரராகக் கருதப்பட்டு 30 நாள் கெடுவும் அபராதமும் அவருக்குப் பொருந்தக்கூடும். ஆகவே அவர் உண்மையில் எங்கே வசித்தார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

உடன் தங்கியவரானாலும் 400 பவுண்டு உங்கள் பணம் என்பது மாறாது. 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். அதன் பின்னும் தராவிட்டால், 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைகளுக்கான வழக்கை இணையத்தில் நீங்களே தொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. எதிர்த்தரப்பு வழக்கை மறுத்தால், 2024 மே மாதத்திலிருந்து, இவ்வகை வழக்குகளில் இரு தரப்பும் தொலைபேசி வழியாக இலவச சமரசப் பேச்சில் முதலில் கலந்துகொள்ள வேண்டும். ஊர்க்காரர் மீது வழக்கா என்று பலர் கூசுகிறார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பதில் கூச வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேள்வி: கிளாஸ்கோவில் இருந்த வீட்டைக் காலி செய்து பத்து வாரமாகிறது. கடைசி மாத வாடகையைக் கட்டாமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளும்படி நண்பர் சொன்னார். நான் கேட்கவில்லை, முழுதும் கட்டிவிட்டேன். இப்போதோ டெபாசிட்டையே வீட்டுக்காரர் எந்தத் திட்டத்திலும் போடவில்லை என்று தெரிகிறது. இங்கிலாந்தைப் போல ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறதா?

பதில்: வாடகையை முழுதும் கட்டியது மிகச் சரி; வாடகை பாக்கி இருந்தால் அதைக் காட்டிப் பிடித்தம் செய்வது வீட்டுக்காரருக்கு எளிது, அடுத்த வீட்டுக்குப் பரிந்துரையும் கெட்டிருக்கும். ஆனால் ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு. அங்கே மூன்று தனித் திட்டங்கள் இருக்கின்றன. டெபாசிட்டைச் சேர்ப்பதற்கான கெடு, குடியிருப்பு தொடங்கியதிலிருந்து 30 வேலை நாட்கள். சேர்க்காதவருக்கு டெபாசிட்டின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வழக்கை விசாரிப்பது கவுன்டி கோர்ட் அல்ல, ஃபர்ஸ்ட்-டியர் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயம். அங்கே மனுச் செய்யக் கட்டணம் கிடையாது. அவகாசம்தான் மிகக் குறைவு. குடியிருப்பு முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போய்ச் சேர்ந்தாக வேண்டும். உங்களுக்குப் பத்து வாரம் போய்விட்டது. ஒப்பந்தத்தையும் வங்கி அறிக்கையையும், டெபாசிட் தங்களிடம் இல்லை என்று மூன்று திட்டங்களும் எழுதித் தரும் பதிலையும் இணைத்து இந்த வாரமே மனுவை அனுப்பிவிடுங்கள். திட்டங்களின் பதில் வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காமல், அவற்றைப் பிறகு அனுப்புவதாக மனுவில் குறிப்பிட்டு அனுப்புங்கள்.